கரைவாகுப்பற்றின் இராக்காவல்

கரைவாகுப்பற்றிலுள்ள கல்முனையின் கடற்கரைப் பள்ளியருகே நின்று கிழக்கே நோக்குபவனுக்கு வங்கக் கடலைத் தவிர வேறொன்றும் தோன்றாது. அதே மனிதன் பிரதான வீதியைக் கடந்து, நெருங்கிய மதில்களும் மணல் ஒழுங்கைகளும் முடிவுறுகின்ற மேற்கெல்லையில் போய் நின்றானாயின், சம்மாந்துறை வரைக்கும், அதற்கப்பால் இறக்காமத்துக் காடுகள் வரைக்கும், ஒரே பச்சையாக விரிந்து கிடக்கும் வயல்வெளியைக் காண்பான். மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் தொடங்கி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தென்திசையில் நீளும் இந்த முஸ்லிம் ஊர்களைப் பற்றித் தூரத்திலுள்ளவர்கள் எழுதும்போது, கடைத்தெரு வியாபாரத்தையும் மீன்பிடியையும் மருதமுனையின் கைத்தறியையும் மட்டுமே குறிப்பிட்டு நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. போர்த்துக்கேயர் தம் ஆதிக்கத்துக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து 1626இல் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது சரித்திரம். அவர்களும், அவர்களுக்கு முன்பே இக்கரையில் வாழ்ந்திருந்த அவர்களுடைய இனத்தவரும், இந்த மண்ணில் நிலைபெற்றது ஏர்பிடித்த காரணத்தினாலேயே என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

ஏர்பிடித்தவனுக்குப் பகல் உழைப்புக்குரியது, இரவு காவலுக்குரியது. மாரி மழையோடு விதைக்கப்பட்ட பெரும்போக வேளாண்மை கதிர்தள்ளி முற்றுகின்ற தை, மாசி மாதங்களில், ஊரிலிருந்து பல மைல் மேற்கே, காட்டின் விளிம்பைத் தொட்டுக் கிடந்த கண்டங்கள் என்னும் வயற்பரப்புகளில், வாடி என்னும் குடில்களிலும் மரத்தின்மேற் கட்டிய பரண்களிலும் இரவு முழுவதும் மனிதர்கள் விழித்திருந்தார்கள். நிலவுடைமையாளராகிய போடியாரின் வயலுக்கு, அதைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரன் இருந்தான். சொந்தமாக இரண்டு ஏக்கர் உடையவன் தானே இருந்தான், துணைக்கு மகனையோ மருமகனையோ அழைத்துக்கொண்டான். ஆனை வரும், பன்றி வரும், கரடி வரும், சில வேளை மனிதனே கள்வனாக வருவான், வரம்பில் காலை வைத்தால் புடையன் கிடக்கும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்குத் தெரியாத வேறொன்றும் வரும் என்று நம்பினார்கள். அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

மறைந்துபோன இந்த வழக்கத்தை நான் இப்போது நினைத்தெழுத நேர்ந்த காரணம் சற்று விசித்திரமானது. என் மகளின் மகன் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் விளக்கை அணைத்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்திருந்தான். திரையில் ஓர் இருண்ட மாளிகை. அதனுள்ளே கையில் லாந்தரோடு ஒரு மனிதன் நடந்து போகிறான். லாந்தரில் எண்ணெய் குறைந்துகொண்டு வருகிறது. எங்கோ ஒரு கதவுக்கப்பால் ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது. சுட்டு விழுத்த வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "துவக்கே இல்ல மூத்தவாப்பா, பேசாம இருங்க, சத்தம் கேட்டா அது வந்திரும்" என்றான். அறுபது வருஷங்களுக்கு முன், மல்வத்தைக்கப்பால் ஒரு வாடியில், என் வாப்பா என் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் காதில் சொன்ன வார்த்தையும் ஏறத்தாழ இதுவேதான்.

அந்த இரவுக்குப் பிறகு அவனிடமே கேட்டும் தேடிப் படித்தும் இவ்விளையாட்டுகளின் வரலாற்றை ஒருவாறு அறிந்துகொண்டேன். ஜப்பானில் கெப்கொம் நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்' என்னும் விளையாட்டில், பேய்வீட்டில் அகப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவர் இறந்தால் இறந்ததுதான், மீள்வதில்லை. அதே நிறுவனத்தின் ஷின்ஜி மிக்காமி 1996இல் உருவாக்கிய 'ரெசிடென்ட் ஈவில்' என்னும் விளையாட்டிலிருந்தே 'சர்வைவல் ஹொரர்', அதாவது பயங்கரத்தில் பிழைத்திருத்தல், என்ற பெயர் உலகெங்கும் வழங்கலாயிற்று. அதில் தோட்டாக்கள் சொற்பம், எதிரிகள் அநேகர், ஆகையால் எதைச் சுடுவது, எதை விட்டு ஓடுவது என்பதை ஆடுபவனே ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்னர் வந்த 'க்ளொக் டவர்' என்பதிலே கதாநாயகி போராடவே மாட்டாள்; ஒளிவாள், ஓடுவாள். 1999இல் வந்த 'சைலன்ட் ஹில்' என்பதில் ஒரு சிறு வானொலிப் பெட்டி, துஷ்டப் பிராணி நெருங்கும்போதெல்லாம் இரைந்து எச்சரிக்கும். என் பேரன் ஆடிக்கொண்டிருந்தது, சுவீடன் தேசத்தார் 2010இல் செய்த 'அம்னீசியா' என்பதாம்: அதில் ஆயுதமே கிடையாது, இருளில் நின்றால் எதிரிக்குத் தெரியாது, ஆனால் இருளில் நிற்க நிற்கப் புத்தி தடுமாறும், விளக்கை ஏற்றினால் புத்தி தெளியும், ஆனால் எதிரி கண்டுவிடும். இந்த இருதலைச் சங்கடத்தைக் கற்பனை செய்தவர்களை நான் மெச்சுகிறேன். எங்கள் வயற்காரர்களுக்கு அது கற்பனையாக இருக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

எங்கள் வாடிகளில் துவக்கு இல்லாமல் இல்லை. வாய்வழியாக மருந்தை இடித்து நிரப்பும் பழைய துவக்குகள் சில வீடுகளில் இருந்தன. பிற்காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு தோட்டாத் துவக்கும் வந்தது. ஆயினும் ஒரு துவக்கு ஒரு கண்டம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. மாரிக்கால ஈரத்தில் மருந்து நனைந்து போகும். ஒருமுறை வெடித்தபின் மறுமுறை இடித்து நிரப்புவதற்குள் ஆனை நாலு பாத்தியைத் தாண்டி வந்துவிடும். ஆகவே துவக்கு என்பது சுடுவதற்கான கருவி என்பதைக் காட்டிலும், சுடாமல் வைத்திருப்பதற்கான கருவியாகவே பெரும்பாலும் விளங்கிற்று. வெடித்தாலும் வானத்தை நோக்கியே வெடித்தார்கள்; ஏனெனில் சிதறுகுண்டு பட்டுக் காயமுற்ற ஆனை, காயமுறாத பத்து ஆனைகளைக் காட்டிலும் கொடியது என்பதையும், அது அந்த வாடியைத் தேடியே மறுபடி வரும் என்பதையும் அவர்கள் பரம்பரையாக நம்பியிருந்தார்கள். பன்றி விஷயத்தில் இன்னுமொரு நியாயம் இருந்தது. வேறு சமூகத்தவன் ஒரு தோட்டாவைச் செலவு செய்து பன்றியை விழுத்தினால், வயலும் பிழைக்கும், வீட்டுக்கு இறைச்சியும் கிடைக்கும். முஸ்லிம் விவசாயிக்கோ அது ஹறாம், தோட்டாவின் விலை நட்டமே. ஆகையால் பன்றிக்குத் தகரம் தட்டினார்கள், தென்னோலைச் சூளை ஏற்றிச் சுழற்றினார்கள், கூக்காட்டினார்கள், துவக்கைத் தொடவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு நேர் எதிரான மார்க்கத்தில் நின்றார்கள். ஆங்கிலேய ராணுவத்து மேஜர் ரொஜர்ஸ் என்பவன் இலங்கைக் காடுகளில் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றான் என்று அக்காலத்து நூல்கள் பெருமையாக எழுதுகின்றன. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவன் மாண்டான். வேட்டையை ஒரு விநோதமாகக் கொண்டவனுக்கும், விளைந்த நெல்லைக் காப்பாற்றிக்கொண்டு விடியற்காலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டியவனுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. 1937இன் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, எங்கள் முல்லைக்காரன் யானையைக் கொல்லாதிருப்பதற்குத் தகுந்த காரணங்களைத் தானே கண்டுகொண்டிருந்தான்.

இனி மௌனத்தின் கதை. ஆனைக்கு ஒரு விதி, கரடிக்கு வேறொரு விதி. இந்தப் பேதத்தை அறியாதவனை வாடிக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனை தூரத்தில் நின்றால் வெளிச்சமும் சத்தமும் உதவும். பக்கத்தில் வந்துவிட்டால் விளக்கை அமர்த்திக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி மூச்சடங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் அதன் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. கரடியோ இதற்கு மறுதலை: அது தன்னை அறியாமல் மனிதன் அருகில் வந்துவிட்டான் என்று கண்டதும் பயத்தினாலேயே பாயும், ஆகவே கரடி நடமாடும் ஒற்றையடிப் பாதையில் போகிறவன் இருமிக்கொண்டும் கவி படித்துக்கொண்டும் தடியால் தட்டிக்கொண்டும் போக வேண்டும், அது தானே விலகிப் போகும். ஒரே இரவில், ஒரே மனிதன், ஒரே பாதையில், எப்போது பேசுவது எப்போது பேசாதிருப்பது என்பதைத் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. இத்தீர்மானத்துக்கு அவனுக்கு உதவியது ஆட்காட்டிக் குருவி. வரம்போரத்தில் முட்டையிட்டிருக்கும் அந்தப் பறவை, இருட்டில் எது நடந்தாலும் கிளம்பிக் கத்தும். அது எந்தத் திசையில் கத்துகிறது, ஒன்றா பலவா, கத்தல் நகர்கிறதா நிற்கிறதா என்பதையெல்லாம் காதாலேயே அளந்து, வருவது இன்னது, இவ்வளவு தூரத்தில் வருகிறது என்று என் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பானியர் தம் விளையாட்டில் வைத்த வானொலிப் பெட்டியின் வேலையை எங்களுக்கு அந்தக் குருவி செய்தது.

ஒரு வாடிக்கும் இன்னொரு வாடிக்கும் இடையில் கூக்குரலே தபால். நீட்டிக் கூவி ஒருவன் நிறுத்தினால், அடுத்த வாடிக்காரன் பதில் கூவுவான். அவனிடமிருந்து அதற்கடுத்தவனுக்கு அது போகும். பதில் வராத வாடிக்குச் சூளை ஏற்றிக்கொண்டு இரண்டுபேர் போய்ப் பார்ப்பார்கள். அநேகமாக அவன் தூங்கிப்போயிருப்பான். நடுச்சாமத்தில் ஆயத்துல் குர்ஸி ஓதி நான்கு திசைக்கும் ஊதிவிட்டு, பிறகு கவி பாடுவார்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டுக்கவிகளில் காதலும் ஏக்கமும் மிகுந்திருப்பதன் காரணத்தைத் தேடிய அறிஞர்கள் இந்த வாடிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: இருபது வயது இளைஞன், புது மனைவியை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு மாதம் காட்டின் விளிம்பில் இரவுதோறும் விழித்திருந்தால் அவன் வேறு எதைப் பாடுவான்?

அறுவடை முடிந்ததும் காவல் முடிந்துவிடவில்லை. அதன் மிக விசேஷமான பகுதி அப்போதுதான் தொடங்கிற்று. அறுத்த கதிர் சூடாகக் குவிக்கப்படும். களவெட்டி என்று நாங்கள் சொல்லும் வட்டமான களத்தில் அது பரப்பப்பட்டு, எருமைகள் இரவிரவாகச் சுற்றிச்சுற்றி மிதிக்கும். அந்தக் களவெட்டிக்குள் கால்வைத்தவன் ஊர்ப்பேச்சைப் பேசக்கூடாது. பூதங்கள் இருட்டில் சுற்றிலும் நின்று காதுகொடுத்துக்கொண்டிருக்கின்றன. நெல்லென்று சொன்னால் அவற்றுக்கு விளங்கிவிடும், வந்து வாரிக்கொண்டு போய்விடும், பத்து மூடை கண்ட இடத்தில் எட்டு மூடைதான் காணும். ஆகவே நெல்லுக்குப் பொலி என்று பெயர்; வைக்கோலைக் கிளறிவிடும் கொக்கைத் தடிக்கு வேலைக்காரன் என்று பெயர்; குறைவைக் காட்டும் சொற்கள் விலக்கப்பட்டு, பெருக்கத்தைக் காட்டும் சொற்கள் அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டன. வேலைக்காரனைக் கொண்டுவா என்று ஒருவன் கூப்பிட்டால், பூதம் ஆள் வருவதாக எண்ணி ஏமாறும்; வருவதோ தடி. மாடுகளை ஓட்டுபவன் பொலி, பொலி என்று பாடிக்கொண்டே சுற்றுவான். பொலி என்னும் சொல்லுக்கே பெருகுதல் என்பது பொருளாகையால், அது ஒரே மூச்சில் பெயருமாயிற்று, பிரார்த்தனையுமாயிற்று.

பேசாமல் இருந்து ஒளிவதையே உலகம் அறியும். பேசிக்கொண்டே ஒளிந்த மனிதர்கள் இவர்கள். பாஷையையே ஒரு மறைவிடமாக்கி, அதற்குள்ளே தங்கள் ஒரு வருஷ உழைப்பை வைத்துப் பூட்டினார்கள். இந்த வழக்கம் முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதன்று. பக்கத்துக் கண்டத்துத் தமிழ் விவசாயிக்கும் இதே களவெட்டி மொழி உண்டு, மலைக்கப்பாலுள்ள சிங்கள விவசாயியும் கமத என்னும் தன்னுடைய களத்துக்கென்று ஒரு தனிப்பாஷை வைத்திருந்தான். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவன் பூதத்துக்குப் பயப்படலாமா என்று மார்க்க அறிஞர்கள் கண்டித்ததுண்டு. அந்தக் கண்டனத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொலியில் கைவைத்து, முதல் அளவை ஏழைக்கென்று ஒதுக்கி, அவ்லியாக்களின் பேரால் கந்தூரி கொடுத்த அதே கைதான் பூதத்தை ஏமாற்றும் சொல்லையும் ஆண்டது என்பது சரித்திர உண்மை. மூன்று சமூகங்கள் ஒரே இருட்டுக்குப் பயந்து, ஒரே உபாயத்தைக் கைக்கொண்டன.

துவக்கையும் மௌனத்தையும் சொன்னேன். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதையே நான் எல்லாவற்றிலும் மேலானதாக மதிக்கிறேன்: எதிரிக்கு வழி விடுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் உயர் உத்தியோகம் பார்த்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில் யானைகளைப் பற்றி விரிவாக எழுதுமிடத்தில், இந்நாட்டு விவசாயிகள் வயல்களைச் சுற்றிக் கட்டும் வேலி ஒரு தள்ளுக்குத் தாங்காத மெல்லிய குச்சிவேலியே என்றும், சந்தேகம் மிகுந்த பிராணியாகிய யானை அதையும் மதித்து நிற்கிறது என்றும், நீர்நிலைக்குப் போவதற்கு வேலிகளுக்கிடையில் அதற்கென்று ஒழுங்கை விடப்பட்டது என்றும் வியந்து குறிப்பிட்டிருக்கிறார். கொல்லவுமில்லை, ஒளியவுமில்லை, நீ இந்தப் பக்கமாகப் போ, நான் அந்தப் பக்கமாக இருக்கிறேன் என்று ஓர் உடன்படிக்கை. எங்கள் பகுதியிலும் அறுவடை முடிந்தபின் வேலி பிரித்துவிடப்படும். ஒட்டறுத்த தாளையும் சிந்திய கதிரையும் மேய ஆனை வரும், யாரும் கூக்காட்டமாட்டார்கள். இரவில் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பெரியவர்' என்றே என் மூத்தவாப்பா சொல்வார். பேரனின் விளையாட்டுகளில் போராடும் வழியும் ஒளியும் வழியும் மிக நுட்பமாக அமைந்திருக்கின்றன. எதிரியும் பசித்த ஜீவன்தான், அதற்கும் போக ஒரு பாதை வேண்டும் என்ற மூன்றாவது வழியை, அவன் எனக்குக் காட்டிய எதிலும் நான் காணவில்லை.

அந்த உடன்படிக்கை எப்படி முறிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் அணைகட்டும் வேலை 1949இல் ஆரம்பமாயிற்று. காடு வெட்டப்பட்டுக் குடியேற்றங்கள் எழுந்தன. 1954இல் கல்லோயா தேசிய வனம் பிரகடனமாயிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வாய்க்கால் நீர் இரண்டு போகத்துக்கும் கிடைத்தது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் ஆனை நடந்த ஒழுங்கைகளின்மேல் வாய்க்காலும் வீதியும் வந்தன. பின்னர் யுத்தம் வந்தது. 1990ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பிறகு, இருட்டில் வருவது எது என்று ஆட்காட்டியைக் கேட்டு அறிய முடியாத காலமாயிற்று. மேற்குக் கண்டங்கள் பல ஆண்டுக்கணக்கில் தரிசாய்க் கிடந்தன. அனுமதித் துவக்குகள் கையை விட்டுப் போயின. தகப்பனோடு வாடிக்குப் போய்ப் பழகவேண்டிய ஒரு தலைமுறை ஊருக்குள்ளேயே வளர்ந்தது. யுத்தம் ஓய்ந்து மறுபடி வயலுக்குப் போனபோது, அறுக்கவும் அடிக்கவும் இயந்திரம் வந்திருந்தது. ஒரு மாலைக்குள் வேலை முடிந்துவிடுகிறது. களவெட்டியும் இல்லை, பூதத்துக்குக் கேட்கவிடாமல் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனை மட்டும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். மின்வேலியும், கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியும் இன்றைய உபாயங்கள். கடைசி இரண்டையும் பாவம் என்றே சொல்வேன், ஏனெனில் வைத்தவன் அங்கே நிற்பதில்லை, சுடுவதா விடுவதா என்ற தீர்மானத்தை ஒரு கயிற்றிடம் ஒப்படைத்துவிட்டு அவன் வீட்டில் தூங்குகிறான். எங்கள் மாவட்டத்துப் பள்ளக்காட்டில், ஊர்களின் குப்பை கொட்டப்படும் திடலில், பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருஷங்களுக்குள் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022இல் செய்தி வந்தது. ஒட்டறுத்த வயலில் சிந்திய கதிரை விட்டுவைத்த மண்ணிலே நேர்ந்தது இது.

இதை வாசிக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வித்துவான் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் நூலைப் பதிப்பித்தார், 1964இல் வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலை எழுதினார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அன்று நூறு கிழவர்கள் இருந்தார்கள். இன்று உங்கள் வீட்டில் எழுபத்தைந்து வயது கடந்த ஒரு மூத்தவாப்பா இருப்பாரானால், விளையாட்டை ஓர் இரவு நிறுத்திவிட்டு, இஷாவுக்குப் பிறகு ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். களவெட்டிக்குள் சுளகுக்கு என்ன பெயர், எருமைக்கு என்ன பெயர், தண்ணீர் கேட்பதற்கு என்ன சொல்வீர்கள், எந்தத் திசையில் ஆட்காட்டி கத்தினால் விளக்கை அமர்த்துவீர்கள், ஆனை போகும் ஒழுங்கை எந்தெந்தக் கண்டத்துக்கு நடுவால் போயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொல்லியபடியே எழுதி, திகதியும் ஊரும் போட்டு வையுங்கள்.